தேவாங்கின் ஐந்தாவது விசை

ஒரு காட்டில், சிக்னல் எடுக்காத ஒரு குகையில், ஒரு தேவாங்கு ஏழு வருடமாகக் கடிகாரமே கதியென்று கிடந்தது. மணி என்ன என்று கேட்டால் மட்டும் அதற்குத் தெரியாது.

அது மூலக்கூறுக் கடிகாரம். ஒரு மூலக்கூறில் இரண்டு அணுக்கள் ஸ்பிரிங்கில் கட்டினாற்போல ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை எண்ணுவதுதான் வேலை. உலகத்தில் தெரிந்த விசைகள் நான்கு. அந்த நான்கை வைத்துப் போட்ட கணக்கும் நிஜ ஆட்டமும் இம்மி பிசகினாலும், ஐந்தாவதாக ஏதோ ஒன்று இழுக்கிறது என்று அர்த்தம்.

மாதக் கடைசிக்குள் எதையாவது கண்டுபிடித்துப் பதிவு செய்யாவிட்டால் குகை தேன் கிடங்காகிவிடும் என்று நோட்டீஸ் வந்திருந்தது. கடைசி நாள் காலையில், பதினைந்தாவது தசம இடத்தில் கணக்கு பிசகியது. தேவாங்கு திரும்பத் திரும்பச் சரிபார்த்தது. பிசகு அப்படியே இருந்தது. சந்தோஷத்தில் அழுதேவிட்டது.

பதிவு அலுவலகத்தில் வளைச் சான்றிதழுக்கு வந்த முயல்களே நாற்பது. தேவாங்கின் முறை வர மத்தியானம் ஆனது. கவுன்ட்டரில் இருந்த உடும்பு படிவத்தைப் புரட்டியது.

“விசைக்கு நாலு கட்டம்தாம்மா இருக்கு. அஞ்சாவதை எங்க எழுதுறது?”

“புதுசா ஒரு கட்டம் போட்டுக்கலாமே சார்.”

“அதுக்குத் தலைமை அலுவலகத்துல கேக்கணும், ரெண்டு வருஷம் ஆகும். பேசாம நாலுல ஒண்ண அடிச்சிட்டு எழுதுங்க. அடிச்ச இடத்துல கையெழுத்துப் போட மறந்துடாதீங்க.”

அணுக்கரு விசைகளில் கைவைக்கத் தேவாங்குக்குப் பயம். மின்காந்தத்தை அடித்தால் கடிகாரம் ஓடாது. மரத்தில் வாழும் தனக்குப் புவியீர்ப்பால் இதுவரை ஒரு உபகாரமும் இல்லை என்று யோசித்து, அதை அடித்தது. உடும்பு முத்திரை குத்தியது. குகை தப்பியது.

திரும்பும் வழியில் ரசீதை இரண்டு கையாலும் பிடித்துப் படித்துக்கொண்டே கிளையில் நடந்தது. விழுந்து காலை முறித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் கரடி டாக்டர் கம்ப்யூட்டரைத் தட்டியது. “எப்படி விழுந்தீங்க?”

“புவியீர்ப்புதான் டாக்டர்.”

“அது இந்தக் காட்டுல இல்லையேம்மா. மூணு மணிக்கே நீக்கிட்டாங்க. கையெழுத்துகூட உங்களோடதுதான்.”

“அப்ப அஞ்சாவது விசைன்னு போட்டுக்குங்க.”

கரடி அதையும் தேடிப் படித்தது. “இது பதினஞ்சாவது தசமத்துல இழுக்கிற விசை. இதுக்கெல்லாம் கால் உடையாது. நீங்க விழவே இல்ல, வீட்டுக்குப் போங்க.”

மாவுக்கட்டு கிடைக்காத தேவாங்கு நொண்டிக்கொண்டே குகைக்குப் போனது. கடிகாரம் மட்டும் துல்லியமாக ஓடிக்கொண்டிருந்தது.

நீதி: படிவத்தில் எதையாவது அடித்தே தீரவேண்டும் என்றால், உங்களைக் கீழே தள்ளக்கூடியதை மட்டும் விட்டுவையுங்கள், விழுந்த பிறகு காரணம் காட்ட அது வேண்டும்.