மஃபினை ஜிம்மிக்குக் காட்டப் போன சனிக்கிழமை

ஞானம் அண்ணை சொன்ன கதையை நான் பல வருடமாக நம்பவில்லை.

அவரும் நானும் ஒரே வேர்ஹவுஸில் வேலை. அவருக்கு விட்பியில் வீடு. வீட்டில் ஜிம்மி என்றொரு கிழட்டுக் கறுப்பு நாய். கதை அந்த ஜிம்மியைப் பற்றியது.

"ஒருக்கா எங்கட வீட்டை ஒரு பயந்த நாய் நிண்டது, சேவியர். மூண்டு கிழமை கட்டிலுக்குக் கீழதான் கிடந்தது. சாப்பாடும் அங்கதான். கடைசியில ஜிம்மி போய் முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்தில படுத்தான். ஒரு கொட்டாவி விட்டான். அவ்வளவுதான்! அது தானா எழும்பி வெளியில வந்திட்டுது."

"என்ன நாய் அண்ணை?"

முதல்முறை பொமரேனியன் என்றார். அடுத்தமுறை அது அல்சேஷன் ஆகிவிட்டது. ஒரு கிறிஸ்மஸ் பார்ட்டியில், "கலப்பு" என்று முடித்துவிட்டு ரொட்டி எடுக்கப் போய்விட்டார்.

அதனால் நம்பவில்லை. ஆனால் போன சனிக்கிழமை அந்த ஜிம்மியைத் தேடி நானே போக வேண்டி வந்தது.

காரணம் மஃபின். மகள் நாய்க் காப்பகத்திலிருந்து எடுத்து வந்த நாய். மகள் படிக்க ஒட்டாவா போய்விட்டாள், நாய் எங்களோடு தங்கிவிட்டது. பெல் அடித்தால் ஊளையிட்டுக்கொண்டு பேஸ்மென்ற்றுக்கு ஓடும். அதை ஆறுதல்படுத்த நானும் பின்னால் ஓடுவேன். விருந்தாளிகள் போகும்வரை ஆறுதல்படுத்துவேன்.

என் மனைவி ரீற்றாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"நாளைக்கு எங்கட வீட்டில செபக்கூட்டம். இருபத்தைஞ்சு பேர் வருகினம். செபமாலைக்குள்ள உது ஊளையிட்டால், திங்கக்கிழமை திருப்பிக் குடுக்கிறது. முடிவு!"

எங்கள் வீட்டில் நான் கூப்பிட்டால் வருகிற ஒரே சீவன் அது.

மகளுக்கு ஃபோன் போட்டு, ஜிம்மியின் கதை உண்மையாக இருக்குமா என்று கேட்டேன்.

"அப்பா, அது ரியல் திங். அமைதியான பெரிய நாயைப் பாத்துத்தான் பயந்த நாய் பழகும். பட், வெளியில மீற் பண்ணுங்கோ. ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில நடத்துங்கோ. வீட்டுக்குள்ள வைச்சு முகத்துக்கு முகம் காட்டாதேங்கோ. ஒருத்தரும் உத்துப் பாக்கக்கூடாது. ஓகே?"

"ஓம் பிள்ளை."

நான் ஓம் என்றது மகளிடம். விட்பியில் கதவைத் திறந்தது மேரி அக்கா, ஞானம் அண்ணையின் மனைவி.

"அக்கா, நாங்கள் வெளியிலயே நிக்கிறம். நாயை ரோட்டில நடத்த வேணுமாம்."

"என்ன விசர்க் கதை கதைக்கிறியள்? முதல்முதல் வீட்டை வந்த பிள்ளையை வாசலில வைச்சு அனுப்புறதோ? உள்ள வாங்கோ!"

மஃபினையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே சாப்பாட்டு மேசையில் மட்டன் ரோல்ஸ், வடை, கேக். நான் பட்டுக் குஷன் வைத்த செற்றியின் நுனியில். என் காலுக்கிடையில் மஃபின். எதிரே அக்காவும் அண்ணையும். எல்லோரும் மஃபினை உற்றுப் பார்த்தார்கள்.

"எத்தினை வயசு?"

"நாலு முடிஞ்சுது, அக்கா."

"நல்ல அடக்கமான பிள்ளை."

"அடக்கமில்லை அக்கா, பயம்."

"சாப்பாடெல்லாம் எப்பிடி?"

"குறையில்லை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம்! போதாக்குறைக்கு மேரி அக்கா உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஜிம்மி! வாங்கோ, வந்து பாருங்கோ!"

ஜிம்மி வந்தான். வாசல் நிலையில் நின்றான். முகத்துக்கு முகம்.

மஃபின் ஒரே பாய்ச்சலாக மேசைக்குக் கீழே போய்விட்டது. லீஷ் வார் என் மணிக்கட்டில். நானும் போய்விட்டேன்.

அது மேசைக் காலை இரண்டு சுற்று சுற்றியது. மேசை விரிப்பு என் காலில் சிக்கியது. ரோல்ஸ் தட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் முதுகில் இறங்கியது. அவிழ்க்கக் குனிந்தேன். இடுப்பில் 'டக்' என்று ஒரு சத்தம்.

"அண்ணை, நாரி பிடிச்சிட்டுது!"

"அசையாதை! அசையாதை!" என்றார் அவர். அசைய முடிந்தால்தானே!

மேசைக்குக் கீழே இரண்டு பேரும் நடுங்கிக்கொண்டிருந்தோம். ஜிம்மி மெல்ல வந்தான். சிதறிக் கிடந்த ரோல்ஸைப் பார்க்கவேயில்லை. எங்களையும் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பெரிய கொட்டாவி ஒன்று விட்டான்.

எனக்கும் கொட்டாவி வந்தது.

கொஞ்ச நேரத்தில் மஃபினுடைய நடுக்கம் நின்றது. கழுத்தை நீட்டி ஜிம்மியின் வாலை மணந்தது. பிறகு என் முதுகில் இருந்த ஒரு ரோலை எடுத்துச் சாப்பிட்டது. பிறகு இரண்டாவது.

அண்ணை கையை விட்டு லீஷைக் கழற்றினார். இரண்டு நாயும் வீட்டின் பின்வளவுக்குப் போயின. மஃபின் ஓடியது! மேரி அக்கா அதன் தலையைத் தடவினார். அது ஊளையிடவில்லை. வாலாட்டியது! நான் இதையெல்லாம் மேசைக்குக் கீழிருந்து கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். கண் கலங்கியது. நாரி நோவும் ஒரு காரணம்.

அக்கா உடனே ரீற்றாவுக்கு வீடியோ கோல் எடுத்தார்.

"பாரும் ரீற்றா, உம்மட நாய் என்ன வடிவா நிக்குது!"

"அட, உண்மைதான் அக்கா! சரி, நாய் எங்களோடயே நிக்கட்டும். மனுசன் எங்க?"

"மேசைக்குக் கீழ."



"அப்ப அவரை நாளைக்குச் செபக்கூட்டம் முடியுமட்டும் அங்கயே வைச்சிருங்கோ."

கோல் முடிந்தது. அப்போது ஜிம்மி மஃபினைப் பின்வளவில் விட்டுவிட்டுத் தனியே உள்ளே வந்தான். நேராக மேசைக்குக் கீழே வந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தான்.

"உவன் ஏன் அண்ணை திரும்பி வந்தவன்? மஃபின்தான் சுகமாகியிட்டுதே?"

"பயந்த ஆளை விட்டிட்டு ஜிம்மி போகமாட்டான்," என்றார் அண்ணை. சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

எனக்கும்தான். இரண்டு வருடமாகப் பேஸ்மென்ற்றில் யார் யாரை ஆறுதல்படுத்தினது என்று யோசித்தேன்.

மேரி அக்கா குனிந்து ஒரு கோப்பை தேத்தண்ணியை என் பக்கம் தள்ளினார்.

"குடியுங்கோ தம்பி. எனக்கிது பழக்கம்தான். முந்தியும் இப்பிடித்தான் மூண்டு கிழமை கட்டிலுக்குக் கீழ தேத்தண்ணி தள்ளினனான். சீனி ரெண்டு கரண்டி."

"மேரி!" என்றார் ஞானம் அண்ணை.

அக்கா வாயை மூடிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். அண்ணை ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த கலண்டரைக் கவனமாகப் படிக்கத் தொடங்கினார்.

நான் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தேன். இத்தனை வருடமாக என்ன நாய் என்றே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இந்தமுறை வேறு கேட்டேன்.

"அண்ணை, அந்த நாய் மூண்டு கிழமையும் வேர்ஹவுஸுக்கு என்ன சொல்லி லீவு போட்டது?"