ஒரு சாவி, ஒரு ஆள்

கூச்ச சுபாவம் உள்ளவனால் யாருக்கும் தொந்தரவு இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். நம்பாதீர்கள். ஆட்களைக் கண்டு ஒளிகிறவன் ஒளிந்த இடத்தில் என்ன செய்கிறான் என்று ஒருவர் போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

எனக்குக் கடத்தூரில் வாடகைப் பாத்திரக் கடை. படிப்பு ஐந்தாவது வரை. என் மகள் கவிதா கம்ப்யூட்டர் படித்தவள். அண்டா, ஜமக்காளம், நாற்காலி எல்லாவற்றையும் போனிலேயே பதிவு செய்கிற மாதிரி ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு வெப்சைட் எழுதினாள். நான் ஒரே ஒரு யோசனை சொன்னேன். (அவள் யோசனை கேட்கவில்லை.)

"கடை பேர்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் உள்ள இருக்கணும். இன்னொருத்தர் நுழைஞ்சா பழைய ஆளு வெளிய போயிறணும். பாதியில வச்ச பதிவும் போயிறணும்."

எங்கள் குடோனுக்கு ஒரே சாவி. அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பாத்திரம் தரலாம். இரண்டு சாவி இருந்த காலத்தில் நானும் தம்பியும் ஒரே அண்டாவை ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டோம். இரண்டு சமையல்காரர்களும் கரண்டியோடு வந்து நின்றார்கள். கவிதாவுக்கு அந்தக் கதை தெரியும். நான் சொன்னபடியே எழுதினாள்.

அதைப் பார்க்க இண்டூர் மண்டபத்துக்காரர் வந்தார். பிடித்தால் அவர் மண்டபத்துக்கும் கவிதா எழுதலாம், ஊரிலேயே தொழில். பிடிக்காவிட்டால் பெங்களூரு கம்பெனியில் சேர வேண்டும். அவளுக்குப் போக மனமில்லை. (எனக்கு அதைவிட இல்லை. சொல்லத்தான் கூச்சம்.)

"டீ சொல்லிட்டு வர்றனுங்க" என்று நழுவினேன். டீக்கடைக்குப் போகவில்லை. குடோனில் அண்டா அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மகளின் பெருமையை நானும் பார்க்க வேண்டாமா? போனில் ஒரு தட்டுத் தட்டிக் கடைப் பெயரில் உள்ளே போனேன்.

முன்பக்கம் கவிதா குரல் கேட்டது. "பாருங்க சார், நாலு அண்டா எடுத்தாச்சு. அடுத்த பக்கம் போனா..."

அடுத்த பக்கம் வரவில்லை. வெப்சைட் மறுபடி பெயரும் ரகசியச் சொல்லும் கேட்டது.

"அண்டா எங்கம்மா?"

"செஷன் போயிருச்சுங்க சார், ஒரு நிமிசம்."

உள்ளே வந்தது யார், என்னென்ன எடுத்து வைத்தார் என்று சர்வர் வைத்துக்கொள்ளும் ஞாபகத்துக்குத்தான் செஷன் என்று பெயர். கவிதா மறுபடி கடைப் பெயரில் உள்ளே வந்தாள். அதே நொடி என் போன் என்னை வெளியே தள்ளியது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் கடையிலிருந்து என்னைத் தள்ளுவது யார்? தட்டினேன். அங்கே அண்டா மறுபடி காணாமல் போனது. (அந்த விதியைப் போட்டவனே நான்தான் என்பது ஞாபகத்துக்கு வரவில்லை. என் செஷனும் போய்விட்டது போலிருக்கிறது.)

கவிதா செஷனுக்கான நேரக் கெடு முடிந்துவிட்டதா என்று பார்த்தாள். முடியவில்லை. ஆளை அடையாளம் காட்டுகிற குக்கி என்ற சீட்டை பிரவுசர் சேமித்ததா என்று பார்த்தாள். சேமித்திருந்தது. சர்வர் நின்று நின்று ஓடுகிறதா என்று பார்த்தாள். ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. கடையின் ரகசியச் சொல் தெரிந்த இன்னொரு ஆள் அப்பாதான், அவரோ டீக்கடையில். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அவள் உள்ளே வந்தாள். விடாமல் நானும் வந்தேன்.

நாற்காலி நகரும் சத்தம். "இன்னொரு நாளைக்குப் பாக்கலாம் கண்ணு. முகூர்த்தத்தன்னைக்கு இப்படி ஆச்சுன்னா பொண்ணு வூட்டுக்காரங்க என்னையத்தான் அண்டாவுல போடுவாங்க."

அதே நேரம் போன் என்னை மறுபடி தள்ளியது. பஸ்ஸை நிறுத்தக்கூடச் சத்தம் போடாத நான் கத்தினேன்.

"கவிதா! எவனோ திருடன் நம்ம கடைக்குள்ள பூந்துட்டான்! என்னைய வெளிய தள்றான்! நானும் வுடாம தள்றேன்!"

அண்டாக்கள் எல்லாம் சேர்ந்து அதைத் திருப்பிச் சொல்லின.

பிறகு கவிதா சொன்னாள். "அப்பா, அந்தத் திருடன் நாந்தான்."

கையில் போனோடு வெளியே வந்தேன். மண்டபத்துக்காரர் என் போனைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார், சிரித்துச் சிரித்து மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மொதலாளியவே தள்ளுதுன்னா பூட்டு நல்ல பூட்டுதான் கண்ணு. எனக்கும் இதையே போட்டுக் குடு. ஆனா தள்றதுக்கு முன்ன, உள்ள ஆளு இருக்குன்னு சொல்லச் சொல்லு."

இன்று அவர் மண்டபத்து வெப்சைட்டில் அப்படி ஓர் எச்சரிக்கை வருகிறது. அந்தப் பகுதிக்குக் கவிதா வைத்த பெயர் 'அப்பா செக்'. அவள் பெங்களூரு போகவில்லை. கடைக்கு இப்போதும் புது ஆட்கள் வெப்சைட்டைப் பார்க்க வருகிறார்கள். நானும் இப்போதும் குடோனுக்குத்தான் போகிறேன். வாசலிலேயே என் மனைவி கையை நீட்டிக்கொண்டு நிற்பாள்.

"ஏங்க, நீங்க ஒளிஞ்சுக்கங்க, பரவால்ல. போனை மட்டும் குடுத்துட்டுப் போங்க."