ஹல்துமுல்லையின் கரையோரக் காவற் கப்பல்

2023 பெப்ரவரி 11, சனிக்கிழமை. ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் நான்காம் காம்பிரா, அதாவது நான்காம் வீடு. அஜந்தன், வயது முப்பத்திரண்டு, பண்டாரவளையில் கைபேசி திருத்துபவர், கரையோரக் காவற்படைக் கப்பல் ஒன்றின் மாதிரியைக் கட்டத் தொடங்கினார். நீளம் நூற்றிருபது சென்ரிமீற்றர்; அளவு அசலின் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு; மதிப்பிட்ட காலம் மூன்று மாதம். மதிப்பிட்ட காலத்தை அவருடைய மனைவி சுபாஜினி இன்றுவரை மறக்கவில்லை.

வாசகரே, அறிமுகம் செய்கிறேன்: மாதிரிக் கப்பற்காரர். இவ்வினம் கடலோரத்தில் மட்டுமே வாழும் என்று நீங்கள் எண்ணியிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். பதுளையில் ஒருவர் இருக்கிறார், கொஸ்லந்தையில் ஒருவர் இருக்கிறார், ஹல்துமுல்லையில் அஜந்தன் இருக்கிறார். இவ்வூர்கள் இருக்கும் ஊவா மாகாணத்தில் கடற்கரை ஓர் அங்குலமும் கிடையாது. அதனால் என்ன? வானம் தெளிந்த காலையில் லயத்து வாசலில் நின்றால் தெற்கே, வெகு தொலைவில், ஒரு வெள்ளிக் கீற்றுத் தெரியும். அதுதான் கடல் என்பார்கள். அஜந்தன் பல் துலக்கியவாறே அதை நோட்டமிடுவார். அங்கே எல்லாம் ஒழுங்காக இருப்பதாகத் தலையசைத்துவிட்டு வாய் கொப்பளிப்பார்.

இவ்வினம் குடியிருக்கும் வீட்டில் எதையும் வெளியே வீச முடியாது. ஐஸ்கிறீம் குச்சி மேற்தளமாகும், பானத் தகரம் புகைபோக்கியாகும், காது குடையும் பஞ்சுக் குச்சி பஞ்சை இழந்து பீரங்கிக் குழலாகும், மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள் மாலுமி அறையின் சன்னலாகும், சுபாஜினி அவசரமாகக் கோயிலுக்குப் புறப்படும் நேரத்தில் தேடுகிற ஊசி நங்கூரத்தில் வளைந்து கிடக்கும். அவர் ஊசி கேட்பார். இவர் கப்பலைப் போர்த்துவார்.

கூரை ஒழுகினால்? வாளி கட்டிலுக்கு வராது; கப்பலுக்குப் போகும்.

உலகத்தையே நாற்பத்தெட்டால் பெருக்கிப் பார்ப்பது இவர்களின் அடுத்த குணம். தளத்தில் ஓர் எறும்பு ஏறினால் நமக்கு அது எறும்பு. அஜந்தனுக்கு அது நாய்க்குட்டி. பல்லி வந்தால் முதலை. வீட்டுக்கு வந்த விருந்தாளி தும்மினால் அது புயல் எச்சரிக்கை. விருந்தாளி வாசலுக்கு அப்பால் உபசரிக்கப்படுவார்.

நிறம் என்னும் விடயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதுளைக் கடைவீதியில் பெயின்ட் விற்கும், எல்லோரும் 'நானா' (அண்ணன்) என்றழைக்கும் லத்தீப்பிடம் அஜந்தன் கைபேசியில் ஒரு கப்பற் படத்தை நீட்டி, இதே வெள்ளை வேண்டும் என்றார்.

"வெள்ள வெள்ளதானே தம்பி?"

"இல்ல நானா, இதுல கொஞ்சம் நீலம் கலந்திருக்கு."

"அது ஒங்கட போனுட வெளிச்சம்."

"கடல் வெயில்ல நிக்கிற வெள்ள வேற நானா."

லத்தீப் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஹல்துமுல்லையில கடல் வெயில் எந்தப் பக்கத்தால அடிக்குது?"

நான்கு வெள்ளைகளோடு திரும்பினார் அஜந்தன். நான்கும் காய்ந்தபின் ஒன்றுபோலவே இருந்தன. அவருக்கு மட்டும் இருக்கவில்லை.

இவர்களைப் புண்படுத்த ஒரே ஒரு சொல் போதும். அடுத்த காம்பிராவின் வீரய்யா அந்தச் சொல்லை நாள்தோறும் உபயோகித்தார்.

"என்னா மருமகனே, ஒங்க நேவிக் கப்பலு எப்ப கெளம்புது?"

"நேவி இல்ல மாமா! நேவி சாம்பல் நெறம். இது காவற்படை. சண்டைக்குப் போறதில்ல, உசுரக் காப்பாத்தப் போறது."

"சரி, மெதக்குமா?"

இதுதான் கேட்கக்கூடாத கேள்வி. கப்பலுக்குள் மோட்டார் இருந்தது, மின்கலம் இருந்தது, அஜந்தன் கையில் ரிமோட் இருந்தது. தண்ணீர் மட்டும் ஒருநாளும் இருந்ததில்லை. "இன்னும் முடியல மாமா" என்பார். எது முடியவில்லை? கைப்பிடிக் கம்பி. கம்பி முடிந்தால் ஏணி. ஏணி முடிந்தால் முதலில் செய்த தளம் இப்போதைய திறமைக்குக் கேவலமாகத் தெரியும். பெயர்த்துவிட்டு மறுபடியும் குச்சியில் தொடங்குவார். ஈராண்டுகளுக்கு மேல் இப்படி மிதக்காமலே கடந்தன.

2025 ஜூலை 20, ஞாயிறு. லயத்துக்குக் கீழே, மரக்கறித் தோட்டத்துக்கு நீர் இறைக்கும் பழைய சீமெந்துத் தொட்டி: அகலம் ஒரு வீட்டளவு, ஆழம் இரண்டாள், சுவரெல்லாம் பாசி. நாய் துரத்தியதில் சுபாஜினியின் கோழி பறந்து போய் அதன் நட்டநடுவில் மிதந்த வாழைத்தண்டின்மேல் இறங்கியது. தண்டு உருண்டது, கோழி நடந்தது, மேலும் உருண்டது, மேலும் நடந்தது. ஓரிடத்துக்கும் போகாமல் இத்தனை வேகமாக நடந்த கோழியை ஊவா கண்டதில்லை. கரையில், பொரித்து மூன்றே நாளான பதினொரு குஞ்சுகள் தூறலில் நனைந்து கீச்சிட்டன. தாயின் சிறகு இல்லாமல் அந்தக் குளிரில் அவை அன்றிரவைத் தாண்டாது. மூங்கில் கம்பு எட்டவில்லை. லயத்தில் நீச்சல் தெரிந்தவர் எவரும் இல்லை.

"என்னங்க, கப்பலக் கொண்டாங்க!"

"எந்தக் கப்பல?"

"நம்ம வீட்டுல எத்தன கப்பல் நிக்குது?"

அஜந்தனின் முகம் அவருடைய நான்கு வெள்ளைகளில் ஒன்றானது. "சுபா, உசுர்காப்பு வளையத்துக்கு ரெண்டாவது பூச்சு இன்னும் காயல."

"கோழி வந்து பூச்சத் தொட்டுப் பாத்துட்டுத்தான் ஏறுமா?" என்றார் வீரய்யா.

"பாரம் சரிபாக்கல மாமா! கோழிய நாற்பத்தெட்டால பெருக்கிப் பாருங்க, ஆறு மாடிக் கட்டடம்! எட மட்டும் இருநூறு தொன்னுக்கு மேல வரும்!"

கணக்குச் சரிதான்; எடையென்றால் நாற்பத்தெட்டால் மும்முறை பெருக்கவேண்டும். ஆனால் அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் சுபாஜினி போய், போர்வையை உருவி, கப்பலைக் குழந்தையைப்போல் இடுப்பில் ஏந்தி வந்து, ரிமோட்டையும் பறித்துக்கொண்டு, பூசை இல்லை, தேங்காய் இல்லை, திறப்புரை இல்லை, தண்ணீரில் விட்டுவிட்டார்.

மிதந்தது.

முதலில் தன்னைத்தானே இரண்டு முறை சுற்றியது. பிறகு வாழைத்தண்டை நேருக்கு நேரே போய் முட்டியது. கோழி, தன் வாழ்நாளில் இவ்வளவு மரியாதைக் குறைவாக நடத்தப்படாத கோழி, ஒரு கூச்சல் போட்டு, ஹெலிகொப்டர் தளத்தில் தாவி அமர்ந்தது. கப்பல் இடப்பக்கம் சாய்ந்தது. "ராடர்! ராடர்!" என்று கதறினார் அஜந்தன். ராடர் போயிற்று. கம்பி போயிற்று. ஏணி போயிற்று. ஆறு மாடிக் கட்டடத்தைச் சுமந்த கப்பல் மட்டும் சாய்ந்தபடியே, புடவைக்கடைப் பொம்மையின் நிதானத்தோடு கரைக்கு வந்து சேர்ந்தது.

கோழி இறங்கியது. நன்றி கூறவில்லை. சிறகை விரித்தது, பதினொன்றும் உள்ளே போயின.

அஜந்தன் முழந்தாளிட்டு ஹெலிகொப்டர் தளத்தைப் பார்த்தார். கோழி தன் அடையாளத்தை அங்கே விட்டுச் சென்றிருந்தது. சுபாஜினி அதைத் துடைத்துவிட்டு, கப்பலின் மூக்கில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். ஒரு சென்ரிமீற்றர்ப் பொட்டு; நாற்பத்தெட்டால் பெருக்கினால் ஏறத்தாழ அரை மீற்றர். எந்தக் காவற்படையிலும் அனுமதியில்லாத பொட்டு. அஜந்தன் பெருக்கிப் பார்த்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அழிக்கவில்லை.

மறுநாள் காலை மறுபடியும் ஐஸ்கிறீம் குச்சி தேடினார்.

சிரிக்கிறீர்கள், வாசகரே. நன்று. சிரித்து முடித்ததும் எழுந்து உங்கள் அலுமாரியைத் திறந்து பாருங்கள். நல்ல நாளுக்கென்று வைத்த கோப்பைகளில் இதுவரை யார் தேநீர் குடித்தார்? மேல்தட்டில் விலைச்சீட்டோடு மடிந்திருக்கும் புடவை எந்தத் திருமணத்துக்குக் காத்திருக்கிறது? முன்னுரை மட்டும் ஏழு முறை திருத்தப்பட்ட அந்த ஆய்வேடு யாருடையது? யாராவது வந்து "மெதக்குமா?" என்று கேட்டால் உங்கள் நாக்கில் முதலில் வரும் வார்த்தை எது?

பதிவுக்காக, 2025 ஜூலை 20 மாலை நிலவரம். ஹல்துமுல்லையில் கட்டி முடிக்கப்பட்ட காவற் கப்பல்கள்: இல்லை. மீட்கப்பட்ட உயிர்கள்: பன்னிரண்டு.