‘யார் சொன்னா’ அண்ணனின் இருபது செம்மறிகள்

சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதைக்கூட நேரில் சரிபார்க்காமல் ஒப்புக்கொள்ளாத மனிதர் பினாங்குத் தீவில் ஒருவரே இருந்தார். எதைச் சொன்னாலும் “யார் சொன்னா?” என்பதே அவர் மறுமொழி, நாளடைவில் அதுவே அவர் பெயருமாயிற்று.

எண்பதுகளில் நான் ஜார்ஜ் டவுன் கால்நடை மருந்தகமொன்றில் ஆய்வக உதவியாளன். பாலிக் புலாவ் ஜாதிக்காய்த் தோட்டத்தில் அண்ணன் வளர்த்த முப்பது செம்மறிகளில் பத்து, குடற்புழுவால் மாண்டிருந்தன. எஞ்சியவற்றைக் காக்கப் பழைய மருந்து உதவுமா, புதியதா? பத்து ஆடுகளுக்குச் சிவப்புப் பொட்டிட்டுப் பழையதையும், பத்துக்கு நீலப் பொட்டிட்டுப் புதியதையும் புகட்டுவது, அதற்கு முன்னும் இரு வாரம் கழித்தும் புழுக்கையிலுள்ள புழு முட்டைகளை நுண்ணோக்கியில் எண்ணுவது என முடிவாயிற்று.

புகட்டும் நாளன்று புட்டியை முகர்ந்து பார்த்தார்.

“மருந்தா, பச்சைத் தண்ணியா? முதல்ல நீங்க ஒரு மடக்கு குடிங்க தம்பி.”

“எனக்குப் புழு இல்லைலா அண்ணே.”

“யார் சொன்னா?”

இரு வாரம் கழித்து, அரக்கு முத்திரையிட்ட பால் டின்களில் புழுக்கை வந்து சேர்ந்தது. இருபது ஆட்டுக்கு இருபத்தொரு டின்! எண்ணிப் பார்த்தேன். நீலத்தில் முட்டைகள் அரிதாகிவிட்டன. சிவப்பில் குறையவே இல்லை. ஏழாம் டின்னிலும் கடைசி டின்னிலும் கணக்கு ஏறக்குறைய ஒன்றே.

“ரெண்டும் ஒரே ஆட்டுது. உங்க கள்ளக்கணக்கப் பிடிக்கத்தான் வச்சேன்,” என்றார், கணக்கைக் கேட்க வந்த அண்ணன்.

“அப்போ என் கணக்கு சரிதானே அண்ணே? சிவப்புக்கும் புதுசையே குடுத்திருவோம்.”

“அதெப்படி அவ்ளோ சரியா வரும்? என் தோட்டத்துல உங்களுக்கு உளவு சொல்ல ஆள் இருக்கு!”

டின்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார். பழைய மருந்தையே சிவப்புகளுக்கு மீண்டும் புகட்டினாராம்.

நான்காம் நாள் மோட்டார் சைக்கிளில் வந்து, தலைக்கவசத்தைக் கழற்றாமலே நின்றார். “பெரியவ எந்திரிக்க மாட்டேங்கிறா தம்பி.” சிவப்புப் பொட்டிட்டவற்றில் ஒன்றான மந்தையின் முதல் ஆட்டை அவர் அப்படித்தான் அழைப்பார்.

புதிய மருந்துடன் அவர் பின்னால் ஏறிக்கொண்டேன். தோட்டத்தில் அதன் கீழிமையை விலக்கினேன், புழுக்கள் இரத்தத்தை உறிஞ்சியதில் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. தலையைத் தூக்கிப் பிடித்துப் புட்டியைத் திறந்தேன். அளவைச் சரிபார்க்க வருவார், முகர்வார், என்னைக் குடிக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவரோ மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

“குடுங்க தம்பி. நான் பாக்கல.”

ஆடு பிழைத்தது. தானாகவே தேறியதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். சொல்லட்டும். உலகத்தையே கண்கொட்டாமல் கண்காணித்த மனிதர் அன்று எனக்குக் காட்டிய முதுகைவிட மேலான நற்சான்று, பணிக்காலம் முழுவதிலும் எனக்கு வாய்க்கவில்லை.