உறங்கினால்தான் படுக்கையறை

பூட்டுக்கடைக்காரரின் மனைவிக்கு முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. வீடோ கடைக்காரருடைய அப்பா காலத்து வீடு. படுக்கையறை மாடியில் இருந்தது. ஏறினால் இறங்க முடியவில்லை, இறங்கினால் ஏற முடியவில்லை. பாவம், அந்த அம்மாள் பல நாளாகக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரவைக் கழித்தார். ஆகவே கீழே உள்ள சாமான் அறையைக் காலி செய்து அங்கே ஒரு கட்டில் போடுவது என்று குடும்பத்தில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. ஓட்டை வாளியும் ஓடாத மின்விசிறியும் முறைப்படி வெளியேற்றப்பட்டன.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சொந்த வீட்டில் கட்டிலை நகர்த்துவது அவ்வளவு லேசுப்பட்ட காரியமா? ஓர் அறையை வேறு வேலைக்குப் பயன்படுத்த விரும்புவோர் அறைப் பயன்பாட்டு மாற்ற அலுவலகத்தின் அனுமதியைப் பெற்றாக வேண்டும். பெறாவிட்டால் தண்ணீர்க் குழாயை அடைத்துவிடுவார்கள். கட்டிலுக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்டுப் பார்த்தார்கள். அவர்கள் வீட்டில் இப்போது தண்ணீர் வருவதில்லை.

நடுவில் மகள் வேறு தன் தோழியைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். தோழி ஓர் உள் அலங்கார ஆலோசகர். அவர் சாமான் அறைச் சுவரைத் தடவிப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். இந்தச் சுவருக்குள் ஒரு கதை மூச்சுமுட்டிக் கிடக்கிறது, அதை வெளியே விட வேண்டும் என்றார். மறுநாளே ஆட்கள் வந்து பூச்சை உதிர்த்துச் செங்கல்லைத் தெரிய வைத்தார்கள். செங்கல் தெரிகிறதே என்று கூச்சப்பட்டு, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அதற்குப் பூச்சு பூசியவரே பூட்டுக்கடைக்காரர்தான். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லார் வீட்டிலும் இப்போது இப்படித்தான் என்று மகள் சொன்னதும் வாயை மூடிக்கொண்டார். எல்லாரையும் எதிர்த்து ஒரு மனிதர் என்ன செய்ய முடியும்?

ஒருவழியாக ஆய்வாளர் எழுந்தருளினார். அவருடைய அலுவலகம் எதையும் கண்ணால் கண்டால்தான் நம்பும். ஆய்வின்போது ஓர் அறையில் என்ன நடக்கிறதோ, அதுதான் அந்த அறை. வாசல்படியில் உட்கார்ந்து பூட்டுக்கடைக்காரர் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்ததால் வாசல்படி சாப்பாட்டு அறையாயிற்று. கூடத்து நாற்காலியில் மனைவி கண்ணயர்ந்திருந்தார்.

"கீழயே ஒரு படுக்கையறை இருக்கே. இன்னொண்ணு எதுக்கு?" என்றார் ஆய்வாளர்.

"அது கூடம் சார். அவ உட்கார்ந்திருக்கிறது நாற்காலி."

"தூங்குறாங்களா இல்லையா?"

பூட்டுக்கடைக்காரர் ஓடிப்போய் மனைவியை உலுக்கி எழுப்பிக் கூடத்தைக் காப்பாற்றினார். பிறகு புது விரிப்பு போட்ட கட்டிலைக் காட்டினார். ஆள் படுக்காத கட்டில் வெறும் சாமான், சாமான் இருந்தால் அது சாமான் அறை என்று ஆய்வாளர் விளக்கினார். மனைவி உடனே படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடுவதெல்லாம் தூக்கமாகாது, இந்த விஷயத்தில் தமக்கு நீண்ட அனுபவம் உண்டு என்றார் ஆய்வாளர். முன்பின் தெரியாத ஆண்பிள்ளை தலைமாட்டில் நின்றால் எப்படித் தூக்கம் வரும்? அந்த அம்மாள் எழுந்து நொண்டியபடி நாற்காலிக்கே போய்விட்டார். பூட்டுக்கடைக்காரருக்கு மனசு பதறியது. அவரே படுத்துப் பார்த்தார். தூங்கியே ஆக வேண்டும் என்று நினைக்க நினைக்க, இருந்த கொட்டாவியும் போய்விட்டது.

அவருக்குத் தூக்கம் வரட்டும் என்று ஆய்வாளர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மதியச் சாப்பாடு பலமாக இருந்திருக்க வேண்டும். மெல்லச் சாய்ந்தார். பூட்டுக்கடைக்காரர் மரியாதையாக இறங்கி இடம் விட்டார். சற்று நேரத்தில் செங்கல் சுவர் அதிரும்படி குறட்டை கிளம்பியது. காரியம் பழம்தான் என்று பூட்டுக்கடைக்காரருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஆய்வாளர் விழித்ததும் அவர் கைகட்டி நின்று, "நீங்களே தூங்கிட்டீங்க சார். இனிமே இது படுக்கையறைதானே?" என்றார்.

ஆய்வாளர் நிதானமாகச் சட்டையைச் சரிசெய்தார். "வேலை நேரத்துல நான் எங்க தூங்குவேன்?"

பூட்டுக்கடைக்காரர் பொய் சொல்லி அறியாதவர். "ஆபீஸ்லதான் சார்."

"அப்ப இது என்ன?"

மறுநாள் காலை அந்த அறை வாசலில் கிளை அலுவலகம் என்று பலகை தொங்கியது. கூடத்தைக் கடந்து தெருவரை ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். ஆய்வாளர் வரவில்லை, அலுவலகம் திறந்த முதல் நாளே அதிகாரி வருவது வழக்கமில்லையே. மனைவியின் முழங்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. பார்க்கப் பார்க்கப் பூட்டுக்கடைக்காரருக்கு அழுகை முட்டியது. வருவது வரட்டும் என்று அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய்க் கட்டிலில் படுக்க வைத்தார். காலை நீட்டிய மறுநிமிடம் அந்த அம்மாள் அயர்ந்து தூங்கிப்போனார்.

வரிசையில் முதலில் நின்ற பெண் எட்டிப் பார்த்துவிட்டு, உதட்டில் விரல் வைத்துப் பின்வாங்கினாள். புதிய அதிகாரி பணியில் இருக்கிறார் என்ற செய்தி கிசுகிசுப்பாகத் தெருமுனைவரை போயிற்று. அது என் மனைவி என்று சொல்லப் பூட்டுக்கடைக்காரர் வாயைத் திறந்தார். சொன்னால் மறுபடி நாற்காலிதானே என்று மூடிக்கொண்டார்.

மதியம் மனைவிக்குத் தட்டில் சோறு எடுத்துக்கொண்டு போனவரைக் கூட்டம் தடுத்து வரிசைக்கு அனுப்பியது. கடைசியில் போய் நின்றால், அவருக்கு முன்னால் சேதி கேட்டு ஓடிவந்த ஆய்வாளர்.

"மேலிடத்துலேருந்து வந்திருக்காங்களாம். தூங்குற தோரணையே வேற," என்றார் ஆய்வாளர் பயபக்தியோடு.

சாயங்காலம் மனைவி கண் விழித்தார். வீடு நிறைய ஆட்களைக் கண்டு அவருக்குக் கூச்சமாகப் போயிற்று. இத்தனை பேருக்குக் காப்பி போடப் பால் கூட இல்லையே என்ற சங்கடத்தில், "நாளைக்கு வாங்களேன்" என்றார்.

கேட்டுப் பழகிய வார்த்தை. எவ்வளவு தன்மையாகச் சொல்கிறார் என்று மெச்சிக்கொண்டே எல்லோரும் கலைந்தார்கள். கூட்டத்தோடு கூட்டமாகப் பூட்டுக்கடைக்காரரும் தட்டோடு நடந்தார். தெருமுனைக்குப் போன பிறகுதான் அது தம் வீடு என்பது நினைவுக்கு வந்தது.

திரும்பிப் போகலாமா என்று யோசித்தார். நாளைக்குத்தானே வரச் சொல்லியிருக்கிறாள்.