சுடுநிலத்தில் முதற்பந்தி

‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல நான் இருபத்தெட்டு வயதில்தான் கற்றுக்கொண்டேன். அதற்கு முன்பு யார் எதைக் கேட்டாலும் ‘ஓம், செய்யலாம்’ என்பதே என் பதில். வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன் இப்படிப் பதில் சொல்வது ஊருக்கே ஆபத்து. (யாராவது எச்சரித்திருந்தால் அதற்கும் ‘ஓம், தெரியும்’ என்றுதான் சொல்லியிருப்பேன்.)

என் பெரியம்மாவின் மகள் சுகந்தி அக்காவும் அத்தானும் முப்பது வருடம் நோர்வேயில் இருந்துவிட்டு, இணுவிலில் புது வீடு கட்டினார்கள். வயரிங் முழுவதும் என் பொறுப்பு. தரைக்கு டைல்ஸ் பதிக்கத் தொடங்கும் நேரம் வந்திறங்கிய அத்தான், ஒரு சூட்கேசைத் திறந்து சுருட்டி வைத்திருந்த ஒன்றை வெளியே எடுத்தார். பார்வைக்கு மீன்வலை மாதிரி இருந்தது. வலை முழுவதும் ஒரு சிவப்பு வயர் வளைந்து வளைந்து ஓடியது.

“இது டைல்ஸுக்குக் கீழை போடுறது. கரண்டிலை நிலம் சூடாகும். அங்கை எல்லா வீட்டிலையும் இருக்கு,” என்றார்.

“நாங்கள் குளிருக்குத் தப்பி வாறம். இந்த மனுசன் சூட்டைக் காவிக்கொண்டு வந்திருக்கு,” என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

“மார்கழியிலை விடிய எழும்பி டைல்ஸிலை கால் வைச்சுப் பார், அப்ப தெரியும். தம்பி, உமக்கு இது பூட்டத் தெரியுமோ?”

“ஓம் அத்தான். சின்ன வேலை.”

அந்தச் சாமானை நான் அன்றுதான் முதல் முதலாகப் பார்த்தேன். கூட வந்த விளக்கப் புத்தகம் நோர்வே மொழியில் இருந்தது. அத்தானிடம் கேட்டிருந்தால் வாசித்துச் சொல்லியிருப்பார். கேட்டால் என் மரியாதை என்னாவது? படங்களைப் பார்த்தே வேலையை முடித்தேன். முன்கூடமான ஹோலின் நடுவில் வலையை விரித்து, மேலே டைல்ஸ் பதித்தாயிற்று. கடைசியில் நுனியில் சிறு குமிழுடன் ஒரு மெல்லிய வயர் மிஞ்சியது. சூட்டை அளந்து சுவரிலுள்ள பெட்டிக்குச் சொல்லும் சென்சர் அது என்பது வரை எனக்கு விளங்கியது. ஆனால் அதை எங்கே வைப்பது? குளிரைக் கண்டுபிடிக்கிற சாமான் குளிர் உள்ள இடத்தில்தானே இருக்க வேண்டும்? அந்த ஹோலில் குளிர் உள்ள இடம் ஒன்றே ஒன்றுதான். சுவரில் நானே பூட்டிய ஏசி. அதன் வாயருகே குமிழை அழகாக ஒட்டிவிட்டேன்.

பெட்டியின் திருகைக் கூட்டிப் பரீட்சித்தபோது நிலம் இதமாகச் சூடேறியது. அத்தான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடி நின்றார். “நோர்வேதான்!” என்றார். பிறகு நான் பெட்டியை இருபத்தாறு பாகையில் வைத்து, “இனிக் குளிர் வந்தால் தானாக வேலை செய்யும்,” என்றேன். அந்த ஒன்றை மட்டும் நான் சரியாகச் சொல்லியிருந்தேன்.

வைகாசியில் புது வீட்டுக்குக் குடிபூரல். அன்று எனக்கு இன்னொரு சோதனையும் இருந்தது. அச்சுவேலியில் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். பெயர் நிலானி, பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். அவருடைய தகப்பன் தர்மலிங்கம், தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். குடும்பத்தோடு வந்து, மாப்பிள்ளையையும் மாப்பிள்ளையின் வேலையையும் ஒரே நாளில் பார்ப்பதாக ஏற்பாடு. ஆகவே அம்மா அவர்களை முதற்பந்தியில், ஏசி போட்ட ஹோலில், புதுப் பாய் விரித்து இருத்தினார். மற்றவர்களுக்கு வெளியே பந்தலில் கதிரை மேசை.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியுடன் புறப்பட்டேன். நிலானியின் இலையருகே போனபோது என் உள்ளங்கால் சுட்டது. காதல் காலில்தான் தொடங்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

“தம்பி, கொஞ்சம் புழுக்கமாக் கிடக்கு,” என்றார் தர்மலிங்கம் மாமா.

“இதோ மாமா!” இடுப்பில் செருகியிருந்த ரிமோட்டை எடுத்து ஏசியை இருபத்திரண்டுக்கு இறக்கினேன்.

சோறு இரண்டாம் தரம் போனது. மாமா ஒரு பக்கம் சாய்ந்து இருந்தார். சிறிது நேரத்தில் மறுபக்கம் சாய்ந்தார். அவருடைய மனைவி விசிறியை எடுத்துவிட்டார். பக்கத்தில் இருந்த நிலானியின் பெரியப்பா சப்பாணி கட்டியிருந்ததை விட்டுக் குந்தியிருந்து சாப்பிட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. சம்பந்தம் பேச வந்த இடத்தில், ‘எனக்குப் பின்பக்கம் சுடுகிறது’ என்று எந்தப் பெரிய மனிதர் சொல்வார்? எல்லோருக்கும் வியர்ப்பதை மட்டும் கண்ட நான், ஏசியைப் பதினெட்டுக்கு இறக்கிவிட்டுப் பெருமையாகச் சிரித்தேன்.

பாயாசம் வரும்போது மாமாவின் முகம் சிவந்திருந்தது. மனைவியின் காதருகே குனிந்து, “எனக்கென்னவோ செய்யுதப்பா. கீழையிருந்து சூடு ஏறி வருது. பிரஷர் போலை,” என்றார். அந்த அம்மா பயந்து, “ஐயோ, ஆரும் வாகனம் எடுங்கோ! ஆஸ்பத்திரிக்குப் போவம்!” என்று எழுந்தார்.

கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டேன். என் கலியாணப் பேச்சுப் போனால் போகட்டும், அந்த மனிதருக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். நிலானி அதற்குள் தகப்பனின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு பாயின் ஓரத்தைத் தூக்கி டைல்ஸில் கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

“அப்பாவுக்கு ஒண்டுமில்லை. நிலந்தான் சுடுது,” என்றவர், என்னை நிமிர்ந்து பார்த்தார். “நிலத்துக்குள்ளை என்ன கிடக்கு?”

“சூடாக்கிற வயர்.”

“அதின்ரை சென்சர் எங்கை?”

நான் ஏசியைக் காட்டினேன். அவர் ஏசியையும் பார்த்தார், என் இடுப்பிலிருந்த ரிமோட்டையும் பார்த்தார். “அப்ப நீங்கள் குளிரைக் கூட்டக் கூட்ட, அது இன்னும் சூடாக்கியிருக்கு,” என்றார். வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கிறவனுக்குச் சொல்கிற அதே பொறுமை.

ஓடிப்போய் மெயின் சுவிட்சையே நிறுத்தினேன். அதனால் நிலம் ஆறவில்லை, ஏசிதான் நின்றது. முதற்பந்தி இலைகளை ஏந்திக்கொண்டு பந்தலுக்கு ஊர்வலமாகப் போனது. (பெரியப்பா மட்டும், பாயாசம் ஆறாமல் இருக்கிறது என்று, போகிற வழியில் இன்னொரு தரம் கேட்டு வாங்கினார்.)

அத்தான் நல்ல மனிதர். எல்லோர் முன்னிலையிலும் என்னைக் காப்பாற்றப் பார்த்தார். “சாமான் பிழை போலை. பிளேனிலை வரேக்கை அடிபட்டிருக்கும்.”

‘ஓம்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும், தப்பிவிடலாம். ஆனால் நோர்வேயில் முப்பது வருடம் இந்த மனிதரின் காலைக் காத்த சாமானின் மேல் பழி போட எனக்கு வாய் வரவில்லை. நிலானி வேறு பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாமான் சரி அத்தான். நான்தான் பிழையாப் பூட்டினனான். எனக்கு உது தெரியாது. தெரியாமல்தான் போட்டனான்.”

தர்மலிங்கம் மாமா ஈரத் துவாயால் முகத்தைத் துடைத்தார். பிறகு மெதுவாக, “தம்பி உண்மையைச் சொல்லுறார். அது எனக்குப் பிடிச்சிருக்கு,” என்றார். என் அம்மாவுக்கு மூச்சு வந்தது. “ஆனால் ஒரு கதை. எங்கடை வீட்டிலை இவர் ஒரு பல்பு கூடக் கழட்டக்கூடாது.”

அந்த நிபந்தனையோடுதான் ஆவணியில் எங்கள் கலியாணம் நடந்தது. சென்சரை நிலானி பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, இரண்டு டைல்ஸை உடைத்து, உரிய இடத்தில் புதைத்தேன். இப்போது மார்கழி விடியலில் அத்தான் அந்த ஹோலில் வெறுங்காலோடு நின்று தேத்தண்ணி குடிக்கிறார். சூட்டைக் குறை சொன்ன சுகந்தி அக்காவும் ஒரு பாயைக் கொண்டுவந்து பக்கத்தில் இருக்கிறார். அச்சுவேலி வீட்டில் பல்பு எரியாவிட்டால், மாமா இன்றைக்கும் வேறு ஆளைத்தான் கூப்பிடுகிறார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்கு வந்தால், பாயில் இருக்கும் முன் மாமா குனிந்து, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோலப் புறங்கையால் நிலத்தைத் தொட்டுப் பார்ப்பார். வீடு முழுவதும் சிரிக்கும். பார்த்துப் பார்த்து எங்கள் நான்கு வயது மகளும் அதைப் பழகிவிட்டாள். போன மாதம் கோயில் அன்னதானத்தில் பந்தியில் இருக்கப் போனவள், புறங்கையால் நிலத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்து இலைக்காரரிடம் பவ்வியமாகச் சொன்னாள்: “சுடேல்லை. நீங்கள் இருக்கலாம்.”