கீறல் இல்லாத குற்றம்

கணக்காளர் தம் காரை விற்கப் போகிறார் என்பது அந்தத் தெருவில் துக்கச் செய்தி போலப் பரவியது. வேறூருக்கு மாற்றலாகியிருந்தது. புது வீட்டில் கார் நிறுத்த இடமில்லை. இந்த வாரத்துக்குள் விற்காவிட்டால் அது வெட்டவெளியில் நிற்க வேண்டும்.

பன்னிரண்டு வருடக் கார். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கப்படவில்லை. ஏறுகிறவர்கள் செருப்பைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். படிக்கிற உங்களுக்குச் சிரிப்பு வரலாம். உங்கள் வீட்டு டிவி ரிமோட்டின் உறையைக் கழற்றிவிட்டு வந்து சிரியுங்கள்.

தரகர் கூடவே கூடாது, நேரடி விற்பனைதான் என்று ஒற்றைக் காலில் நின்றார். வாங்க வந்தவர்களை அவரே நேர்காணல் செய்தார். குழந்தை உள்ளவர்கள், நாய் வளர்ப்பவர்கள், காரில் எதையாவது கொறிப்பவர்கள் எல்லோரும் நிராகரிக்கப்பட்டார்கள். கடைசியில் ஒரு பள்ளி ஆசிரியர் தேறினார். காரைத் தொடுமுன் கையைத் துடைத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

பெயர் மாற்ற வாகனப் பதிவு அலுவலகம் போனார்கள். கார் மனைவி பெயரில் இருந்ததால் கையெழுத்துப் போட அவரும் வந்தார்.

அதிகாரி காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். முகம் சுருங்கியது.

“பயன்படுத்திய வாகனம்னு எழுதியிருக்கீங்க. பயன்படுத்தினதுக்கு அடையாளம் எங்க?”

“நல்லா வச்சிருந்தோம் சார்” என்றார் கணக்காளர்.

“ஒரு கீறல்கூட இல்லாததை நான் எப்படிப் பழசுன்னு எழுதுவேன்? பழசு இல்லன்னா புதுசு. புதுசுன்னா ஷோரூம்தான் விக்கணும். நீங்க ஷோரூமா?”

“இல்லைங்க.”

“அப்போ ஷோரூம் இல்லாமலே புது வண்டி விக்கறீங்க. பெரிய குற்றம் சார் இது.”

பொதுநலன் கருதி விசாரணை அங்கேயே, நின்ற வாக்கில் தொடங்கியது. அதிகாரி மனைவியைக் கேட்டார்.

“ஏம்மா, மழைன்னா இதுலதானே போவீங்க?”

“பஸ்லதாங்க. வண்டி நனைஞ்சிடும்ல.”

“வெயில்ல?”

“அப்பவும் பஸ்தான். பெயிண்ட் மங்கிடுமாம்.”

“ஆஸ்பத்திரிக்காவது?”

“சின்னவ பொறக்கும்போது டாக்சில போனேன். இவரு பின்னாடியே வண்டியில வந்தாரு. தனியா.”

கணக்காளர் தரையைப் பார்த்தார்.

“பயன்படுத்தவே இல்லை. விண்ணப்பம் தள்ளுபடி” என்றார் அதிகாரி. ஓர் அலுவலகம் சொன்னது சரியாகவும் இருந்துவிட்டதில் எனக்கே கொஞ்சம் எரிச்சல்தான்.

மனைவி செருப்போடு காரில் ஏறி உட்கார்ந்தார். பிறகு பன்னிரண்டு வருடப் பொறுமையையும் சேர்த்துக் கதவை ஓங்கித் திறந்தார். அது பக்கத்துத் தூணில் மோதி நீளமாக ஒரு கோடு விழுந்தது.

“இப்போ பயன்படுத்தியாச்சு. எழுதுங்க.”

கணக்காளர் அலறினார். அதிகாரி முகம் மலர்ந்து முத்திரை குத்தினார். ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியை வாங்கினார்.

“கவலைப்படாதீங்க சார். இனிமே இதுக்கு ஒண்ணும் ஆகாம நான் பாத்துக்கறேன்.”

வெளியே தூறல் பிடித்தது. கணக்காளரும் மனைவியும் பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கினார்கள். சற்று நேரத்தில் ஆசிரியர் தொப்பலாக நனைந்து ஓடிவந்தார்.

“வண்டி எங்கங்க?” என்று கேட்டார் மனைவி.

“ஆபீஸ் ஷெட்டுலயே விட்டுட்டேன். மழை நின்னதும் எடுத்துக்கலாம்னு.”

கணக்காளர் நெகிழ்ந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் அதிகாரியும் குடையோடு வந்து நின்றார்.

“உங்களுக்கு கார் இல்லையா சார்?”

“இருக்கேம்மா. இந்த மழையில யாராவது அதை வெளிய எடுப்பாங்களா?”

பஸ் வந்தது. உள்ளே நிற்கக்கூட இடமில்லை. ஊரில் கார் வைத்திருக்கிற எல்லோரும் அதில்தான் இருந்தார்கள். ஜன்னலோரம் நான் இருந்தேன். என் காருக்கு நேற்றுத்தான் பாலிஷ் போட்டிருக்கிறேன்.